இருமல் கொப்பி

செப்டெம்பர் 25, திங்கள்

குழந்தைகள் நல நிலையத்துத் தாதி இங்குன் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். மகள் ஆரபிக்கு எத்தனை மணிக்கு இருமல் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்நேரம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறித்து வைக்கவேண்டும். ஒரு மாதம் கழித்து டொக்டர் பார்ப்பாராம். "சின்ன விசயம் எண்டு ஒண்டையும் விட்டிடாதேங்கோ" என்று தொலைபேசியில் மொழிபெயர்த்த தமிழ்ப் பெண் தன் பங்குக்கும் சொன்னார். அவர் ஒஸ்லோவில் எங்கோ இருக்கிறார். குரல் மட்டும்தான் தெரியும்.

கடையில் கட்டம் போட்ட கொப்பிதான் இருந்தது.

மாலை 4.40 முதல் 5.05 வரை. வறட்டு இருமல், மூச்சை இழுக்கும்போது கடைசியில் ஒரு விசில் சத்தம். வேலை முடிந்து, அவளைப் பாலர் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். வழியெல்லாம் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் சோற்றுக்கு உலை வைத்தேன். இவர், ஆரபியின் அப்பா, கடலில். படுக்கையில் 7.30க்குத் திரும்பவும் இருமல். என் நீலச் சுவெட்டரைக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு ஒருவழியாகத் தூங்கினாள்.

செப்டெம்பர் 26, செவ்வாய்

4.35. பத்து நிமிடம். கத்தரிக்காய் பொரித்தேன். எண்ணெய்ப் புகையாக இருக்கும்.

செப்டெம்பர் 28, வியாழன்

4.45. இன்று ஒன்றும் பொரிக்கவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

நேற்றும் இன்றும் இருமல் இல்லை. நேற்று உடுப்புத் துவைத்தேன். சுவெட்டரைத் துவைத்தால் ஆரபிக்குப் பெரிய சண்டை. மெசின் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து, அது சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். காய்ந்த பிறகு மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா மணம் போட்டுது" என்று எறிந்தாள். இரண்டரை வயதுக்கு எவ்வளவு பிடிவாதம். நாளைக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போய் வந்தால் அம்மா மணம் திரும்பி வந்துவிடும் என்று சமாதானம் சொன்னேன்.

அக்டோபர் 4, புதன்

தொழிற்சாலையில் இடைவேளை நேரம் மேலாளர் ஸ்டைனார் சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய ஐரோப்பா வரைபடம் ஒன்றை ஒட்டினார். எந்தக் கடலில் என்ன பிடிக்கிறார்கள் என்று படம் போட்டது. ஸ்கொட்லாந்தையும் அயர்லாந்தையும் சுற்றிப் பழுப்பு நண்டு. பிரான்சின் மூக்கு நுனியில் சிலந்தி நண்டு. ஸ்பெயினின் மேல் மூலையில் கயிறுகளில் தொங்கும் சிப்பி. டென்மார்க், நெதர்லாந்துப் பக்கம் சின்ன இறால். எல்லாவற்றுக்கும் மேலே, வரைபடம் முடிகிற இடத்தில், எங்கள் ஊருக்கு நேரே, இராட்சத நண்டு. அதன் கால்கள் இரண்டு சட்டத்துக்கு வெளியே போகின்றன.

"உதுவும் எங்களை மாதிரித்தான் பிள்ளை" என்றார் ரஞ்சி அக்கா. இந்தத் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்தாறு வருடம். "இந்தக் கடல்ல பிறந்த சாமானில்லை. ரஷ்யாக்காரர் கொண்டுவந்து தங்கட பக்கம் விட்டவை. நடந்து நடந்து இஞ்ச வந்திட்டுது. இப்ப கடல்ல கோடு கீறி வைச்சிருக்கிறாங்கள். கோட்டுக்குக் கிழக்கால நிண்டா அளவாத்தான் பிடிக்கலாம். மேற்கால போச்சுதெண்டா ஆரும் எவ்வளவும் பிடிச்சுக் கொல்லலாம்."

"விசா உள்ள நண்டு, விசா இல்லாத நண்டு" என்றேன்.

அவர் மேசையில் அடித்துச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ரப்பர் சப்பாத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன நீலப் பம்பை எடுத்து, ஸ்டைனார் நிற்காத பக்கம் திரும்பி, வாய்க்குள் இரண்டு தரம் அடித்தார்.

"என்னக்கா அது?"

"நண்டுத் தடிமன். மூக்கால ஓடும், நெஞ்சு இழுக்கும். இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் வாறதுதான். நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. முதல்ல வேற இடத்துக்கு மாத்துறம் எண்டுவாங்கள். பேந்து வீட்ட அனுப்பிப்போடுவாங்கள்."

என் இடம் சுழலும் தூரிகை. நண்டை இரண்டாகப் பிளக்கிறவர்கள் பாதிகளை என் பக்கம் தள்ளுவார்கள். நான் அவற்றைத் தூரிகையில் பிடித்துச் செவுள்களை உரித்தெடுக்க வேண்டும். தண்ணீரும் செவுளும் தூவானமாக எழும்பி முகத்திலும் கழுத்திலும் விழும். பின்னால் அவிக்கிற தொட்டியின் ஆவி. கம்பஸில் விலங்கியல் செய்முறை வகுப்பில் இதே செவுள்களை எண்ணி வரைந்திருக்கிறேன். நிழல் தீட்டக் கூடாது, தெளிவான கோடு மட்டும்தான் என்பார் விரிவுரையாளர். அப்போது ஒரு நண்டுக்கு ஒரு மத்தியானம். இப்போது நிமிடத்துக்கு ஆறு பாதி.

4.40. இருபது நிமிடம். சுவெட்டர் கொடுத்தேன். (இது ஆரபியின் இருமல் கொப்பி. தேவையில்லாததெல்லாம் எழுதுகிறேன்.)

அக்டோபர் 12, வியாழன்

பாலர் பள்ளி ஆசிரியையிடம் அங்கே எப்படி இருமுகிறாள் என்று கேட்டேன். "இங்கே அவள் இருமுவதே இல்லையே" என்றார். இருபது பிள்ளைகளுக்குள் யார் இருமுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கவனிப்பதில்லை போலிருக்கிறது.

4.50.

அக்டோபர் 17, செவ்வாய்

வரவேற்பறைக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டேன். தூசு அதற்குள்தான் இருந்திருக்கும். முதுகு வலிக்கிறது.

அக்டோபர் 18, புதன்

4.40.

அக்டோபர் 20, வெள்ளி

அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம். கண்டுபிடித்துவிட்டேன்! வேலையால் வந்த உடுப்போடேயே குளோரின் போட்டுத் தேய்த்தேன். ஆரபியும் ஒரு துணியோடு பக்கத்தில் நின்று தேய்த்தாள். 5.00 முதல் 5.40 வரை இருமல். இது குளோரின் மணத்துக்கு வந்ததாக இருக்கும்.

அக்டோபர் 22, ஞாயிறு

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வைபரில் கதைத்தார். இருமல் என்றதும், "நாவூறுதான். நீ படத்தை எல்லாருக்கும் அனுப்பாதை" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிச் சட்டியில் போட்டு எரித்தேன். புகை மணி அலறியது. கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். நானும் இவரும் தும்மித் தும்மிக் களைத்தோம். ஆரபி மட்டும் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். இருமல் இல்லை. மாமி சொன்னது சரிதான்.

அக்டோபர் 23, திங்கள்

4.40.

அக்டோபர் 27, வெள்ளி

டொக்டர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், சடை பின்னியிருந்தார். தொலைபேசியில் அதே மொழிபெயர்ப்பாளர். புகைக்கிறீர்களா, பூனை இருக்கிறதா, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது முட்டு, மூச்சிழுப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை.

"அம்மாவுக்கு என்ன வேலை?"

மீன் என்று நானே நோர்வே மொழியில் சொன்னேன். நண்டுக்கு அவர்களுடைய சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. மீனும்தானே அந்தத் துறைமுகத்துக்கு வருகிறது.

கொப்பியைக் கேட்டார். வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது. ரஞ்சி அக்காவின் பம்பைப் பற்றியெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், எப்படிக் கொடுக்க?

ஆரபிக்கும் ஒரு நீலப் பம்ப் தந்திருக்கிறார். முகமூடி வைத்து அடிக்கவேண்டும். முகமூடியில் யானைப் படம். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு டிசம்பர் 19இல் நாள் தந்திருக்கிறார்கள்.

நான் இதையும் எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன்: பெப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்தேன். நிரந்தர விசாவுக்குப் பன்னிரண்டு மாதம் என் சொந்தப் பெயரில் உழைப்புக் காட்டவேண்டும். ஜனவரி முடிந்தால் பன்னிரண்டு. பிறகு தெற்கே எங்காவது போய்விடலாம். ஆரபிக்கு வெயில் படுகிற ஓர் ஊர்.

நவம்பர் 8, புதன்

4.45. பம்ப் அடித்தால் விசில் அடங்குகிறது. அடுத்த நாள் அதே நேரம் திரும்ப வருகிறது.

நவம்பர் 14, செவ்வாய்

வெள்ளிக்கிழமையிலிருந்து புயல். படகு ஒன்றும் போகவில்லை, தொழிற்சாலை மூடிக்கிடந்தது. இவரும் வீட்டில். ஞாயிறு தீபாவளி. வியாழனிரவே வீட்டில் இருந்த துணி அத்தனையையும் துவைத்தேன்: திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சுவெட்டர், எல்லாம். தீபாவளியன்று ஆரபிக்கு நல்லெண்ணெய் வைத்து முழுக வார்த்தேன். சுசியம் சுட்டேன். இவர் ஆரபியைத் தோளில் வைத்துக்கொண்டு சாமியறைக்கும் குசினிக்கும் இடையில் படகு ஓட்டினார்.

ஐந்து நாள் இருமல் இல்லை. ஒரு தரமும் இல்லை. எண்ணெய் முழுக்குத்தான் நெஞ்சுச் சளியை இளக்கியிருக்கிறது. இனி ஒவ்வொரு கிழமையும் வார்க்கவேண்டும்.

நவம்பர் 15, புதன்

தொழிற்சாலை திறந்தது. நண்டு மலைபோலக் குவிந்துவிட்டது.

4.40. ஒரு மணித்தியாலம்.

நவம்பர் 18, சனி

வருடம் முடிவதற்குள் படகுகள் தங்கள் பங்கைப் பிடித்து முடிக்கவேண்டும் என்பதால் இனிச் சனியும் வேலை. இவர் ஆரபியைப் பார்த்துக்கொண்டார். இவருடைய கடல் உடுப்பெல்லாம் துறைமுகக் கொட்டகையிலேயே கிடக்கும், அங்கேயே குளித்துவிட்டுத்தான் வருவார். நான் வந்தபோது இருவரும் தரையில் கட்டைகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரபி கட்டைகளைத் தட்டிவிட்டு ஓடிவந்து என்மேல் ஏறினாள்.

3.30. சனிக்கிழமையில் இருமல் வந்தது இதுதான் முதல் தரம்.

நவம்பர் 23, வியாழன்

சூரியன் இனி ஜனவரியில்தான். மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் வானம் கொஞ்சம் நீலமாகிறது, அவ்வளவுதான். எனக்கும் தடிமன் விடவில்லை. மணிக்கட்டில் சிவப்பாகத் தடித்திருக்கிறது. கையுறை ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

4.40. 6.10. 8.00.

டிசம்பர் 1, வெள்ளி

இவர் சாப்பிடும்போது கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மட நெஞ்சிலயும் உந்தச் சத்தம் கேக்குது" என்றார்.

"என்ன சத்தம்?"

"விசில். நித்திரையில. தாயும் பிள்ளையும் மாறி மாறி ஊதுறியள்."

"தடிமன்."

"செப்டெம்பரிலயிருந்து தடிமனோ? நிரோஜா, நீர் படிச்சனீர். எனக்குக் கடலைத் தவிர ஒண்டும் தெரியாது. ஆனா நான் பாக்கிறன், நீர் வீட்டில நிண்டா பிள்ளைக்கு ஒண்டுமில்லை."

"அப்ப நான்தான் பிள்ளைக்கு வருத்தம் எண்டுறியளோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானே? வேலையை விட்டிடும் எண்டு சொல்லுறன்."

"இன்னும் ரெண்டு மாசம். ரெண்டே மாசம். அதை விட்டா முதல்லயிருந்து பன்னிரண்டு எண்ணவேணும். இந்த இருட்டுக்குள்ள இன்னொரு வருசம் நிக்கச் சொல்லுறியளோ?"

ஆரபி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவெட்டரைத் தலைக்கு மேல் போட்டு ஒளிந்துகொண்டாள். சண்டை நின்றுவிட்டது. உள்ளிருந்து இருமல் கேட்டது.

நான் பொருந்தாத காரணத்தை எல்லாம் நம்புகிற ஆள் இல்லை. கம்பளம், பூஞ்சணம், புகை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 7, வியாழன்

"நண்டு ரசம் வைச்சுக் குடுத்தனீயோ?" என்று ரஞ்சி அக்கா கேட்டார்.

இல்லை என்றேன். ஆரபிக்கு இன்னும் நண்டே கொடுத்ததில்லை, சின்ன வயிற்றில் செமிக்காது என்று.

"எடி விசரி! வெள்ளைக்காரன் விமானத்தில ஏத்திக்கொண்டு போய்த் தின்னுற சாமானுக்குள்ள நாள் முழுக்க நிக்கிறாய். அந்த ரசத்தை ஒரு நாள் பிள்ளைக்கு வைக்கேல்லயே? நெஞ்சில கட்டின சளிக்கு உதை விட்டா வேற என்ன மருந்து? ஊரில உன்ர கொம்மா உனக்கு வைச்சுத் தரேல்லையே?"

தந்திருக்கிறார். மழைக்காலத்தில், மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு, முருங்கையிலை தூவி. மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகக் குடித்துவிட்டு அடுத்த நாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். எனக்கு ஏன் இது நினைவுக்கு வரவில்லை என்று தெரியவில்லை.

"என்ர ரெண்டாவதுக்கும் சின்னனில உப்பிடித்தான் இருமல். தன்ரபாட்டில போட்டுது" என்றார் ரஞ்சி அக்கா.

மனம் கொஞ்சம் லேசானது. இன்று 4.40க்கு இருமியபோது நான் பயப்படவில்லை.

டிசம்பர் 9, சனி

இன்று அரை நாள்தான் வேலை. நேற்று இவர் முன்கால் முறிந்த நண்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். முறிந்ததை உயிரோடு ஏற்றுமதி செய்ய முடியாது, படகுக்காரர் சும்மா கொடுத்துவிட்டார். இவர் அதைக் கொட்டகையிலேயே உடைத்துக் கழுவியிருந்தார். மல்லி, மிளகு, நற்சீரகம், உள்ளி. உறைபெட்டியில் கிடந்த முருங்கையிலையையும் போட்டுவிட்டேன். ஊர் மணம் வீடு முழுக்க. ஆரபி அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் ஏறி நின்று, சட்டிக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறாள். வேலையால் வந்ததும் சுவெட்டரை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள்.

1.40. கொஞ்சம் இருமுகிறாள். ஆவி நெஞ்சுக்கு நல்லது. ஆற வைத்துக் கொடுக்கவேண்டும்.

டிசம்பர் 12, செவ்வாய்

பெரிய ஊர் ஆஸ்பத்திரி. ஆரபி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை இரண்டு மணியளவில் கரண்டியால் கொடுத்தேன். முதல் கரண்டிக்குச் சிரித்தாள். இரண்டாவதுக்கு "உறைக்குது" என்றாள். உறைக்கத்தானே வேண்டும் என்று உதட்டைத் துடைத்தேன். மூன்றாவது கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. உதடு தடித்திருந்தது. மிளகுதான் என்று நினைத்தேன். பிறகு கன்னம், கண்ணிமை. கழுத்துக்குக் கீழே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. ஆனால் இருமவில்லை. இரண்டரை மாதமாக இருமலையே எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இருமக்கூட மூச்சில்லாதபோது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. இருமல் இல்லை, ரசம் வேலை செய்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு முழுக் கணம் நினைத்தேன்.

"பிள்ளை நீலமாகுது!" என்று இவர் கத்தினார்.

யானைப் பம்பை அடித்தோம். உள்ளே போகவில்லை. சுவெட்டரால் அவளைத் தலையோடு சேர்த்துச் சுற்றினேன், குளிருக்கு. மார்போடு அணைத்துக்கொண்டு சறுக்கும் பனியில் ஓடினோம். மருத்துவ நிலையத்துக்கு நாலு நிமிடம். பட்டப்பகல் இரண்டரை மணி, தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அங்கே இருந்தது சடை பின்னிய அதே டொக்டர். பிள்ளையை வாங்கி, முகத்திலிருந்த சுவெட்டரை இழுத்து எறிந்துவிட்டு, தொடையில் ஊசி போட்டார். பிறகு இன்னொன்று. போட்டபடியே என்னைப் பார்த்து, "என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டார்.

நண்டு என்றேன். அவர்களுடைய மொழியில், சரியான உச்சரிப்போடு. அந்தச் சொல் எனக்கு எப்போதும் தெரியும்.

பெரிய ஊருக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் விமானம் காற்றினால் வர மூன்று மணித்தியாலம் ஆனது. வந்தபோது ஆரபியோடு ஒருவருக்குத்தான் இடம். என்னை ஏற்றமாட்டோம் என்றார்கள். என் தலைமுடியிலும் உடுப்பிலும் அது இருக்கிறதாம். இவர் குளித்திருந்தார், இவரை ஏற்றினார்கள். நான் மருத்துவ நிலையத்திலேயே மூன்று தரம் தலை முழுகி, அவர்கள் தந்த ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் பேருந்தில் எட்டு மணித்தியாலம் வந்தேன்.

டிசம்பர் 13, புதன்

இங்குள்ள டொக்டர் வயதானவர். கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். தமிழில் இருந்ததால் என்னிடமே திருப்பித் தந்து வாசிக்கச் சொன்னார். மேசையில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தார்கள். அதே ஒஸ்லோக் குரல்.

நான் ஒவ்வொரு நாளாக வாசித்தேன், அவர் மொழிபெயர்த்தார். 4.40. 4.35. 4.45. டொக்டர் ஒரு நாட்காட்டித் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். சனி, ஞாயிறு வெறுமை. புயல் நாட்கள் வெறுமை. பிறகு சனியும் புள்ளி. "சுவெட்டர்" என்ற சொல் வரும்போதெல்லாம் மட்டும் கையை உயர்த்தித் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

ரஞ்சி அக்காவின் பம்ப் வந்த பக்கத்தில் நின்றேன்.

"அதையும் சொல்லவோ?" என்று கேட்டேன்.

ஒஸ்லோக் குரல்தான் பதில் சொன்னது. "நீங்கள் வாசிக்கிறதை மட்டும்தான் நான் சொல்லலாம் தங்கச்சி. நீங்கள்தான் முடிவெடுக்கவேணும்" என்றார்.

வாசித்தேன்.

முடிந்ததும் டொக்டர் தாளை என் பக்கம் திருப்பினார்.  விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. நான் படித்தவள், வரைபடம் பார்க்கத் தெரியும்.

நண்டின் நுண்துகள்கள் என்னோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தனவாம். தலைமுடியில், கழுத்தில், கம்பளத்தில், எல்லாவற்றிலும் மேலாக அந்தச் சுவெட்டரில். அவளுடைய உடம்பு அதை எதிரியாக எண்ணித் தினமும் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேல்தான் நான் ரசம் வைத்தேன். அடுத்த தரம் இவ்வளவு நேரம் கிடைக்காது என்றார்.

டிசம்பர் 15, வெள்ளி

ஸ்டைனாருக்கு வேலையை விடுகிறேன் என்று எழுதி அனுப்பினேன். ஏழு கிழமை மிச்சம். இவரும் வேலையை விடுவதாகப் படகுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்து கைகளை மணந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருடம் நண்டுக் கூடு இழுத்த கைகள்.

"எங்க போறது?" என்றேன்.

"முதல்ல பிள்ளை மூச்சு விடட்டும்."

சாப்பாட்டு அறை வரைபடம் கண்ணுக்குள் நிற்கிறது. எங்களுடைய ஆட்களுக்கு எளிதாக வேலை கிடைக்கிற கரையெல்லாம் சிவப்பாக ஒரு கொடுக்குப் படம் இருந்தது. ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ். படம் இல்லாத இடங்களில் யாரையும் எங்களுக்குத் தெரியாது.

டிசம்பர் 17, ஞாயிறு

ரஞ்சி அக்கா அழைத்தார். எடுக்கக்கூடாது என்று நினைத்துவிட்டு எடுத்தேன். கனநேரம் அழுதார். அழுகையா, முட்டா என்று பிரித்தறிய முடியவில்லை.

"உன்னில பிழையில்லை, நான்தான் சொன்னனான், நான்தான் ரசம் வைக்கச் சொன்னனான்" என்றார்.

"அக்கா, உங்கட பம்பைப் பற்றி டொக்டருக்குச் சொல்லிப்போட்டன்."

 மறுமுனையில் பம்ப் இரண்டு தரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லது" என்றார். "பிள்ளை, நான் உனக்கு ஒரு பொய் சொன்னனான். என்ர ரெண்டாவதுக்கு முட்டுத் தன்ரபாட்டில போகேல்ல. முப்பது வயசாகுது. இப்பவும் படுக்கேக்க தலகணிக்குக் கீழ பம்ப் வைச்சுக்கொண்டுதான் படுப்பான். ஏன் எண்டு எனக்கு அப்பவே தெரியும்போலதான் இருந்தது. தெரியாதமாதிரி இருந்திட்டன்."

 "நானும்தான் அக்கா" என்றேன்.

டிசம்பர் 20, புதன்

இன்று சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஒட்சிசன் குழாயைக் கழற்றிவிட்டார்கள். இத்தனை நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டிய என்னை உள்ளே விட்டார்கள். மணமில்லாத சவர்க்காரத்தால் காலையில் இரண்டு தரம் குளித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கீழே உள்ள கடையில் புதிதாக வாங்கிய சட்டை. விலைத்துண்டு தொங்கிய நூல் இன்னும் முதுகில் குத்துகிறது.

தூக்கினேன். எவ்வளவு பாரம் குறைந்துவிட்டாள். வழக்கம்போல முகத்தைக் கழுத்துக்குள் கொண்டுபோனாள். மூக்கு அசைந்தது. இந்தப் பக்கம் மணந்தாள், அந்தப் பக்கம் மணந்தாள். பிறகு கைகளை என் மார்பில் ஊன்றித் தள்ளிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா மணம் இல்லை" என்றாள்.

"அம்மாதான் குஞ்சு."

"இல்லை. கடை மணம்." உதடு பிதுங்கியது. "நீலம் வேணும்."

நீலச் சுவெட்டரை மருத்துவ நிலையத்திலேயே இரட்டைப் பையில் கட்டி எரிக்க அனுப்பிவிட்டார்கள். "அது போட்டுது" என்றேன்.

அழுவாள் என்று இவரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அழுதால் முட்டு வருமோ என்ற பயம். அவள் அழவில்லை. படுக்கையில் இறக்கிவிடச் சொன்னாள். இறக்கிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கை மட்டும் பின்னால் எதையோ தேடிவிட்டு, போர்வையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிறேன். கொப்பி மடியில். சுவரில் மணிக்கூடு. 4.40 ஆனது. காத்திருந்தேன். 4.45. 4.50. 5.00.

இருமல் இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.